உப்பில் இருந்த அழுக்கு

மண்ணில்லாமல் செடி வளர்ப்பவர்கள் வீட்டில் இரண்டு கேன்கள் இருக்கும். மார்க்கரால் ஒன்றில் 'ஏ' என்றும் மற்றதில் 'பி' என்றும் எழுதியிருப்பார்கள். ஏ கேனில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும். மற்றதெல்லாம் பி கேனில்: மெக்னீசியம் சல்பேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், பொட்டாசியம் நைட்ரேட், அப்புறம் சிட்டிகை சிட்டிகையாக நுண்ணூட்டங்கள். இரண்டையும் அடர்த்தியாக ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகி, வெள்ளைக் கசடாக அடியில் தங்கிவிடும். கசடாகிப் போனது செடிக்குக் கிடைக்காது. அதனால் முதலில் தொட்டி நிறையத் தண்ணீர், அதில் ஏ, நன்றாகக் கலக்கிய பிறகு பி. நூறு மடங்கு நீர்த்துவிட்டால் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும்.

கலந்து முடித்ததும் மீட்டரை விடவேண்டும். ஈ.சி. மீட்டர் பேனா அளவில் ஒரு கருவி, கரைசல் வழியாக மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்க்கும். உப்பு அதிகம் கரைந்திருந்தால் அதிகம் போகும். கீரை வகைகளுக்கு 1.2 முதல் 1.8 மில்லி சீமன்ஸ் வரை இருக்கலாம் என்பார்கள். பி.எச். ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே. இந்த இரண்டு எண்ணும் சரியாக இருந்தால் வேலை முடிந்தது என்று எல்லோரும் சந்தோஷமாக எழுந்து போகிறார்கள்.

திருவையாற்றில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்வது கொஞ்சம் வேடிக்கைதான். ஐந்து ஆறுகளின் பெயரை ஊர்ப்பெயராக வைத்திருக்கிற இடம். படுகையில் வாழை, கொடிக்காலில் வெற்றிலை, கண்ணுக்கெட்டிய வரை நெல். "காவேரி வண்டல்ல பொறந்துட்டு தொட்டித் தண்ணியில கீரை வளக்கிறியேப்பா" என்று எதிர்வீட்டுப் பெரியப்பா கேட்டார். அடுத்த கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு ஆவுது?" இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

முதல் கேள்வியை வேறு மாதிரி கேட்டுப் பார்க்கலாம். தொட்டியில் 1.6 என்று மீட்டர் காட்டுகிறது. எது 1.6? கல் உப்பை மட்டும் போட்டும் 1.6 கொண்டுவரலாம். மீட்டர் அதே எண்ணைத்தான் காட்டும், கீரை செத்துப்போகும். நைட்ரேட், சோடியம், குளோரைடு என்று பெயர் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. மொத்தம் எவ்வளவு என்பதற்கு மேல் அதற்கு அறிவு கிடையாது. செடி நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் வேகமாக இழுத்துக்கொள்ளும். கால்சியமும் சல்பேட்டும் பின்தங்கும். எண் இறங்க இறங்க நாம் புதுக் கரைசலை ஊற்றி 1.6-லேயே பிடித்து வைத்திருந்தால், மூன்று வாரம் கழித்தும் எண் அதேதான். உள்ளே இருக்கும் கலவை மட்டும் வேறு. அதனால்தான் அனுபவசாலிகள் எண் நன்றாக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்கிறார்கள். டி.டி.எஸ். மீட்டர் வாங்கியவர்கள் கதை இன்னும் சுவாரசியம். அதுவும் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. அளந்ததைச் சில கம்பெனிகள் 500-ஆல் பெருக்குகின்றன, சில 700-ஆல். ஒரே தண்ணீர், 1.4 ஈ.சி., ஒரு மீட்டரில் 700, இன்னொன்றில் 980. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய வியாதி. டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருக்கும். வாடிக்கையாளர் போனில் கத்திக்கொண்டிருப்பார்.

ஆனால் மீட்டரைக் குறை சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. அதன் அறியாமை சின்னது. மூலக்கூறுகளைத் தனித்தனியாக அளக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் எது எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். பெரிய அறியாமை கேன்களில் இருக்கிறது. ஏ, பி என்ற அந்த இரண்டு கேன்களையும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு வரையறை. 'இந்த உயிருக்குத் தேவையானவை இவை, இவ்வளவு, இதற்கு மேல் எதுவும் தேவையில்லை' என்று கிராம் கணக்கில் எழுதப்பட்ட வாக்கியம். இப்படி ஒரு வாக்கியத்தை எழுத மனிதனுக்கு எப்படித் துணிச்சல் வந்தது?

1860-களில் ஜெர்மனியில் வந்தது. யூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நாப் என்ற இருவரும் செடியை மண்ணிலிருந்து முழுக்கப் பிரித்து, உப்புகள் கரைந்த தண்ணீரில் வேரை விட்டு விதையிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். நாப்பின் கரைசலில் நான்கு உப்புகளும் கொஞ்சம் இரும்பும். அவ்வளவுதான். செடி வளர்ந்தது, பூத்தது, காய்த்தது. காற்றும் தண்ணீரும் தருகிற கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜனோடு ஏழு தனிமங்கள் சேர்ந்தால் ஒரு தாவரம் முழுமை என்ற கணக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது.

அந்தக் கணக்கு தப்பு. ஆனால் சோதனை தப்பில்லை, செடி நிஜமாகவே வளர்ந்தது. அன்றைய உப்புகள் சுத்தமாக இல்லை என்பதுதான் காரணம். பொட்டாசியம் நைட்ரேட் என்று சீட்டு ஒட்டிய புட்டிக்குள் கொஞ்சம் மாங்கனீசு, கொஞ்சம் போரான், கொஞ்சம் துத்தநாகம் இருந்தது. கண்ணாடிப் பாத்திரம் போரானைக் கசியவிட்டது. எழுதிவைத்த பட்டியலில் ஏழு பேர். வேலை பார்த்தவர்கள் அதைவிட அதிகம். உப்புகளைச் சுத்தம் செய்யச் செய்யத்தான் செடிகள் நோயுற ஆரம்பித்தன, பட்டியலும் நீண்டது. 1922-இல் மாங்கனீசு. 1923-இல் இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கேத்தரின் வாரிங்டன் ஒரு அவரை வகையில் போரானின் தேவையைக் காட்டினார். 1926-இல் துத்தநாகம், 1931-இல் தாமிரம். 1939-இல் மாலிப்டினம்: ஆயிரம் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் இருந்தால் போதும், அதுவும் இல்லையென்றால் தக்காளி வளராது. குளோரினுக்கு 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடற்காற்றிலும் கை வியர்வையிலும் இருக்கிற ஒன்றை எப்படி விலக்கி வைத்துச் சோதிப்பது?

'என் மெஷின்ல ஓடுது' என்று புரோகிராமர்கள் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ஓடும். எப்போதோ நிறுவி மறந்துபோன ஏதோ ஒரு நூலகம் அந்த மெஷினில் இருந்திருக்கும். சுத்தமான புது மெஷினில் போட்டால்தான் அது தெரியவரும்.

ஹோக்லண்ட் என்ற பெயர் ஹைட்ரோபோனிக்ஸ் செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் அவரும் ஆர்னனும் 1938-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின் கரைசல்தான் இன்றைக்கு விற்கும் பல கேன்களின் பாட்டன். அவரது இன்னொரு கரைசலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1933-இல் ஸ்ட்ராபெரிச் செடிகளுக்காக ஸ்னைடரோடு சேர்ந்து 'ஏ முதல் இஸட் வரை' என்று ஒரு துணைக் கரைசலை வைத்திருந்தார். அதில் லித்தியம், வெள்ளீயம், டைட்டானியம், அயோடின், புரோமின், கோபால்ட், நிக்கல் எல்லாம் துளித்துளி. இவற்றில் பலவும் செடிக்குத் தேவை என்று அப்போது நிரூபணம் இல்லை. இருந்தும் போட்டார். என் பட்டியலுக்கு வெளியே ஏதாவது இருக்கலாம் என்று ஒரு விஞ்ஞானி ரசாயனத்திலேயே எழுதிவைத்த குறிப்பாகத்தான் அதைப் படிக்கிறேன். பின்னால் வந்த கரைசல்களில் அந்த வால் வெட்டப்பட்டது. நிரூபணம் இல்லாததை எதற்கு வாங்கிப் போடவேண்டும்?

1987-இல் பிரௌன், வெல்ச், கேரி என்ற மூவர் பார்லியை வைத்துக் காட்டினார்கள்: நிக்கல் தேவை. அவர்கள் அதைக் கண்டுபிடித்த விதம் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது. நிக்கல் இல்லாத கரைசலில் ஒரு தலைமுறை வளர்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஏனென்றால் விதைக்குள் தாய் வைத்துவிட்டுப் போன சேமிப்பு இருக்கும். மூன்று தலைமுறை தொடர்ந்து நிக்கல் இல்லாமல் வளர்த்த பிறகுதான், அந்த விதைகள் முளைக்கும் திறனை இழந்தன. தாத்தா சாப்பிடாததன் விளைவு பேரனிடம் தெரிந்தது. ஒரு பயிரை மட்டும் பார்த்து 'எல்லாம் கிடைத்துவிட்டது' என்று சொன்ன யாரும் பொய் சொல்லவில்லை. பார்த்த காலம் போதவில்லை, அவ்வளவுதான்.

இயற்கை விவசாயிகள் செய்கிற ஜீவாமிர்தத்தின் செய்முறையை இதோடு வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. கடைசியில் வரப்பு மண் 'ஒரு பிடி'. மற்றதற்கெல்லாம் எடை உண்டு, மண்ணுக்கு மட்டும் கைதான் அளவு. அதில் என்ன இருக்கிறது என்று செய்பவருக்குத் தெரியாது, தெரியாததால்தான் போடுகிறார். ஜீவாமிர்தத்தைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாவற்றையும் நம்புகிறவன் இல்லை நான். ஆனாலும் அந்தப் பிடி மண்ணும் ஹோக்லண்டின் துளித்துளிக் கரைசலும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் படுகிறது.

இதுவரை சொன்னது, பட்டியல் முழுமையாகவில்லை என்பது. சரி, ஒருநாள் முழுமையாகும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சும். 'தேவை' என்றால் என்ன?

இதற்கு ஆர்னனும் ஸ்டௌட்டும் 1939-இல் எழுதிய இலக்கணம்தான் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அது இல்லாமல் செடியால் தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க முடியக்கூடாது. வேறொன்று அதன் இடத்தை நிரப்பக்கூடாது. செடியின் உடலியக்கத்தில் அதற்கு நேரடிப் பங்கு இருக்கவேண்டும். கறாரான, அழகான இலக்கணம். இதில் தோற்றுப்போன ஒருவரை டெல்டாக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சிலிக்கான்.

நெல் மண்ணிலிருந்து எடுக்கும் சிலிக்கான், தழைச்சத்தைவிட அதிகம். பயிரின் உலர் எடையில் பத்து சதவீதம் வரைகூடப் போகும். அறுக்கும்போது கையைக் கிழிக்கிற அந்தச் சொரசொரப்பு சிலிக்காதான். இலை நிமிர்ந்து நிற்பதும், தண்டு காற்றுக்குச் சாயாமல் தாங்குவதும், குலைநோய்ப் பூஞ்சை துளைக்கத் திணறுவதும் அதனால். ஜப்பானில் எழுபது ஆண்டுகளாக சிலிக்கேட் உரம் போடுகிறார்கள். 2006-இல் ஒகயாமா பல்கலைக்கழகத்தின் மா குழுவினர் நெல்லின் வேரில் சிலிக்கானை உள்ளே இழுப்பதற்கென்றே உள்ள ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக ஒரு வாசலே கட்டிவைத்திருக்கிறது நெல். இருந்தாலும் இலக்கணப்படி சிலிக்கான் அத்தியாவசியம் இல்லை, ஏனென்றால் அது இல்லாமலும் நெல் எப்படியோ முளைத்து, தளர்ந்து நின்று, கொஞ்சம் மணி பிடித்து, விதை கொடுத்துவிடும். சுற்று முடிந்ததா? முடிந்தது. அப்படியென்றால் தேவையில்லை.

'செத்துப் போகவில்லையே' என்பதுதான் இந்த இலக்கணத்தின் சுருக்கம். வேதியியலுக்கு அது சரியாக இருக்கலாம். அங்கே கறாரான கோடு ஒன்று வேண்டும். ஆனால் அதே வாக்கியம் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து திரிகிறது. 1979-இல் திட்டக்குழுவின் பணிக்குழு ஒன்று வறுமைக்கோட்டைக் கலோரியில் வரைந்தது: கிராமத்தானுக்கு ஒரு நாளைக்கு 2400, நகரத்தானுக்கு 2100. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவன் சுற்றை முடித்துவிடுவான். நிமிர்ந்து நின்று முடித்தானா, சாய்ந்து முடித்தானா என்பதற்கு அதில் இடமில்லை.

இந்த இடத்தில் இயற்கை விவசாய நண்பர்கள் சிரிப்பார்கள். பக்கத்து இளங்காடு கிராமத்தில் பிறந்த நம்மாழ்வாரின் வழியில் வந்தவர்கள் இந்தப் பகுதியில் அதிகம். "அதான் சொல்றோம், செடிக்குப் போடாத, மண்ணுக்குப் போடு, மண்ணுக்குத் தெரியும்" என்பார்கள். இதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. மண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பதும் ஒரு பட்டியல்தான், எழுதப்படாத பட்டியல். உத்தரப்பிரதேசத்தின் தராய்ப் பகுதியில் நெல் துருப்பிடித்த மாதிரி பழுத்துச் செத்த 'கைரா' நோய்க்கு, துத்தநாகம் மண்ணில் கிடைக்காததுதான் காரணம் என்று 1966-இல் பந்த்நகரில் நெனே கண்டுபிடித்தார். இன்று நம் வயல்களுக்கும் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் பரிந்துரை உண்டு. நம் மண்ணும் மாறாமல் அப்படியே இருக்கிற மண் இல்லை. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததிலிருந்து வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்குகிறது. 1960-இல் தஞ்சாவூர் மாவட்டம் நாட்டின் முதல் ஏழு தீவிர விவசாய மாவட்டங்களில் ஒன்றாக எடுக்கப்பட்ட பிறகு தழை, மணி, சாம்பல் என்று மூன்று சத்துகளின் மூட்டைகள் வந்தன. ஆறு கொண்டுவந்ததில் பேர் தெரியாதவை நிறைய. மூட்டை கொண்டுவந்ததில் மூன்று. அரிசி ஆலைகளில் மலைபோல் குவியும் உமிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்காதான். அது வயலுக்குத் திரும்பினால் நல்லது, திரும்பாமல் சாலையோரம் பறக்கிறது.

தொட்டிக்கும் வயலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு வேறு இடத்தில் தெரிகிறது. வயலில் வேர் தேடிப்போக முடியும். ஒரு பக்கம் இல்லையென்றால் இன்னொரு பக்கம் நீளும், அமிலம் கசியவிட்டுக் கல்லைக் கரைக்கும், பூஞ்சைகளோடு பேரம் பேசும். தொட்டியில் எல்லா வாசலும் அடைத்தாயிற்று. நான் ஊற்றியது இருக்கும், ஊற்றாதது இருக்காது. வேறு வழிகளை அடைத்துவிட்டு ஊட்டுகிறவனுக்கு, ஊட்டியதற்கு மட்டுமில்லை, விட்டுப்போனதற்கும் பொறுப்பு உண்டு. 'எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொடுத்தேன்' என்பது வாசல் திறந்திருக்கும்போது சொல்லக்கூடிய பதில்.

கோலாலம்பூரில் இது மனிதர்களுக்கு நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப்போகும், இதயம் நிற்கும். தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் செத்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அரிதாகவே வந்தது. காரணத்தை அரிசியில் தேடியவர்களில் ஒருவர் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர். அவர் 1905 முடிவில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். ஓராண்டில் பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் ஒருவரும் இல்லை. 1907-இல் லான்செட் இதழில் முடிவுகள் வெளியாயின. மருத்துவ வரலாற்றில் இதை முன்னோடிச் சோதனை என்று பாராட்டுவார்கள். அந்தப் பதினெட்டுப் பேர் ஏன் செத்தார்கள் என்று யோசித்துப் பார்க்கவேண்டும். பச்சரிசியால் மட்டுமென்றால் உலகில் பாதிப்பேர் போயிருக்கவேண்டும். கதவுக்கு வெளியே இருந்தவனுக்குக் கொஞ்சம் பயறு, ஒரு துண்டு மீன், எங்கேயோ ஒரு கீரைக்கட்டு கிடைக்க வழி இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு என்ன சாப்பிடுவது என்று தீர்மானிக்கும் இடமே இல்லை.

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் மணிக்குள் இறங்கிவிடும், தீட்டினாலும் போகாது. இது பிறகு தெரிந்தது; பி1 பிரித்தெடுக்கப்பட்டதே 1926-இல்தான். சத்துக்காக நம்மவர்கள் யாரும் நெல்லைப் புழுக்கவில்லை. குத்தினால் உமி சுலபமாகக் கழலும், குருணை குறையும், ரொம்ப நாள் கெடாமல் இருக்கும். நாப்பின் புட்டியில் இருந்த அழுக்கு மாதிரி, பி1 அதில் சும்மா கூடவே வந்தது.

இன்னொரு வாசல் அடைத்த இடம், கைக்குழந்தை. 1978-79-இல் அமெரிக்காவில் ஒரு சோயா பால்மாவைத் தயாரித்தவர்கள் அதில் உப்பைக் குறைத்தார்கள், குழந்தைக்கு உப்பு எதற்கு என்ற நல்லெண்ணத்தில். குளோரைடு போதாமல் போனது. வேறு எதுவும் சாப்பிடாத குழந்தைகள் எடை ஏறாமல், வாந்தியும் சோர்வுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 1980-இல் அங்கே பால்மாவுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அந்தக் குளோரைடு கடற்காற்றிலும் வியர்வையிலும் இருப்பதுதான். சாதாரணச் சாப்பாட்டில் யாரும் எண்ணவே தேவையில்லாத பொருள். அந்த மாவை ஒருவேளைப் பானமாகக் குடித்திருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

என் தொட்டிக் கீரைக்கு இவ்வளவு யோசனை தேவையா என்றால், தேவையில்லை. முப்பது நாளில் அறுத்துவிடுவோம். நிக்கல் குறை தெரிய மூன்று தலைமுறை வேண்டும். உரக்கடையில் வாங்குகிற உப்புகளில் இன்னும் கொஞ்சம் அழுக்கு இருக்கிறது, அது காப்பாற்றும். ஆனால் விடுதிச் சாப்பாடு, சிறைச் சாப்பாடு, மூக்குக் குழாய் வழியாகப் போகிற மாவுக் கரைசல், இவற்றின் பட்டியலை எழுதுகிறவர்களிடம், இதில் என்ன இருக்கிறது என்பதோடு, சாப்பிடுகிறவர் இதைத் தவிர வேறெதையாவது சாப்பிட முடியுமா என்றும் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

ரேஷனில் இப்போது செறிவூட்டப்பட்ட அரிசி வருகிறது. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து மணியாக்கி, கிலோவுக்குப் பத்து கிராம் வீதம் சாதாரண அரிசியில் சேர்க்கிறார்கள். ரத்தசோகை இவ்வளவு இருக்கிற நாட்டில் அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஊற வைத்தால் சில மணிகள் மிதக்கின்றன என்று எங்கள் தெருவில் பெண்கள் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். "பிளாஸ்டிக் அரிசிப்பா, போடாத" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் இல்லை அத்தை, அது சத்து மணி என்று சொன்னால், "அப்ப மத்ததுல சத்து இல்லையா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கொல்லையில் முருங்கை நிற்கிறது. பொறுக்கி எறிந்தாலும் பெரிய நஷ்டமில்லை. கொல்லையும் முருங்கையும் இல்லாமல், அந்த மூட்டையை மட்டும் நம்பி வடிக்கிற வீடுகளும் இதே ஊரில் உண்டு. மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பது மூன்று பெயர்கள். உள்ளே இருப்பது புழுங்கலரிசி. அதிலிருக்கும் பி1 பற்றி மூட்டையில் ஒன்றும் போட்டிருக்காது.